வெள்ளைப் பெயிண்டில் இரண்டு பாதம்: வளரும் பிள்ளைக்கு கோல்ஃப் சொல்லிக்கொடுத்ததில் ஒரு நிகழ்வு ஆய்வு

பொங்கல் முடிந்த மறுவாரம் அப்பாவும் மகளும் என் தென்னை விளைக்கு (தோப்புக்கு) வந்தார்கள். வழக்கமாக ஸ்கூட்டர் நிற்கும் முன்பே பிள்ளை கிளப் என்கிற கோல்ஃப் மட்டைகள் உள்ள பையைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடும். அன்றைக்குப் பையை அப்பாதான் தூக்கி வந்தார். "சாரே, அடிக்கிற பந்து எல்லாம் வலத்தோட்டுப் போகு. நேத்து ஒண்ணு பக்கத்து விளையில மரச்சீனிக்குள்ள போய்ட்டு. ஏழு மாசம் படிச்சது வெறுதேயா?"

பிள்ளை ஒன்றும் பேசவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டு நின்றது. பெயர் வேண்டாம், பிள்ளை என்றே எழுதிப் போகிறேன். எங்கள் பக்கம் பெண் குழந்தையை அப்படித்தான் கூப்பிடுவோம். அப்போது வயது 12.

இந்த நிகழ்வை எழுதக் காரணம் பிள்ளையின் தவறு இல்லை. என்னுடைய தவறு. அது எனக்குத் தெரியவர ஏழு வாரம் ஆனது.

இடமும் ஆட்களும்

நான் திருவனந்தபுரம் கவடியாரில் உள்ள 9 குழி மைதானத்தில் கேடியாக, அதாவது ஆட்டக்காரர்களின் பை சுமப்பவனாக இருந்து ஆட்டம் படித்தவன். ஊருக்குத் திரும்பிய பிறகு கன்னியாகுமரி மாவட்டத்தில் தோவாளைப் பக்கம் ஒரு ஏக்கர் தென்னை விளையில் ஆறு பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறேன். புல் கிரீனில் (குழியைச் சுற்றி ஒட்ட வெட்டிய புல்தரையில்) ஆட வேண்டும் என்றால் முன்கூட்டி அனுமதி கேட்டு, எல்லை தாண்டி, திருவனந்தபுரம்தான் போகிறோம். 1956 நவம்பர் 1 வரை அந்தத் திருவிதாங்கூர்-கொச்சியில்தான் நாங்களும் இருந்தோம் என்று சொல்லிச் சிரித்துக்கொண்டே பஸ் ஏறுவோம். மாதத்துக்கு ஒரு முறை போனால் பெரிய காரியம். மற்ற நாளெல்லாம் விளைதான்.

விளையில் இரண்டு தென்னைக்கு நடுவே குளச்சலில் வாங்கிய பழைய மீன்வலை தொங்குகிறது. வலை வாங்கும்போது கண்ணின் அளவைத்தான் பார்க்க வேண்டும். கோல்ஃப் பந்தின் குறுக்களவு 42.67 மில்லிமீட்டருக்குக் குறையக்கூடாது என்பது விதி. கண் அதைவிடப் பெரிதாக இருந்தால் பந்து ஊடே போய்விடும். வலையை இழுத்துக் கட்டவும் கூடாது. தொளதொளவென்று விட்டால்தான் பந்தின் வேகம் அதில் சாகும், இழுத்துக் கட்டினால் பந்து திரும்பி நம் முகத்துக்கே வரும். வலைக்கு முன்னால் ஒரு சிமெண்ட் தளம், அதன்மேல் ரப்பர் பாய்.

பிள்ளையின் அப்பா வளைகுடாவில் ஒரு கோல்ஃப் மைதானத்தில் புல் வெட்டும் மெஷின் ஓட்டியவர். திரும்பி வரும்போது யாரோ கழித்த கிளப் செட் ஒன்றைக் கொண்டுவந்தார். பட்டறையில் கொடுத்து அடியை வெட்டிக் குட்டையாக்கினார். பெரியவர்களின் கிளப்பை இப்படி வெட்டினால் நீளம் மட்டும்தான் குறையும். தலையின் எடை அப்படியே இருக்கும், தண்டு முன்பைவிட விறைப்பாகும். 30 கிலோ பிள்ளைக்கு அது மம்பட்டி பிடித்த மாதிரி. ஆனால் எங்களிடம் இருந்தது அதுதான், அதை வைத்துத்தான் முந்தைய ஜூனில் தொடங்கினோம்.

நான் பார்த்ததும் செய்ததும்

பந்து வலப்பக்கம் வளைந்து போவதை ஸ்லைஸ் என்போம். புதிதாக ஆடுகிறவர்களில் பெரும்பாலோருக்கு உள்ள வியாதி. நான் கேடியாக இருந்த காலத்தில் பெரிய ஆட்டக்காரர்கள் சொன்னது, கிளப் எந்தத் திசையில் வருகிறதோ அந்தத் திசையில் பந்து கிளம்பும் என்று. அது தப்பு. ரேடார் வைத்து அளந்து பார்த்த பிறகு தெரிந்தது, பந்து கிளம்பும் திசையை முக்கால் பங்குக்கு மேல் தீர்மானிப்பது கிளப் முகம், அதாவது பந்தில் படும் பரப்பு, பார்க்கும் பக்கம். முகம் பார்க்கும் பக்கத்துக்கும் கிளப் போகும் பாதைக்கும் உள்ள வித்தியாசம்தான் பந்தை வளைக்கிறது.

இதெல்லாம் எனக்கு மனப்பாடம். அதனால் பிள்ளையின் பந்து வலத்தே வளைந்ததும் முகம் திறந்திருக்கிறது, அதாவது வலப்பக்கம் பார்க்கிறது என்று முடிவு கட்டினேன். கிரிப்பை, அதாவது கிளப்பைப் பிடிக்கும் பிடியை மாற்றினேன். இடது கையை இன்னும் கொஞ்சம் வலப்பக்கம் திருப்பி, மேலிருந்து பார்த்தால் மூன்று விரல்முட்டி தெரியும்படி வைத்தேன். மூன்று வாரம் அதே வேலை. பிள்ளையும் சொன்னதைச் சொன்னபடி செய்தது.

பலன் என்ன என்றால், சில பந்து தாழ்ந்து இடப்பக்கம் ஓடியது, மற்றதெல்லாம் பழையபடி வலத்தே வளைந்தது. முன்பு ஒரு வியாதி, இப்போது இரண்டு. பிறகு தோளைத் திருப்பச் சொன்னேன். இடுப்பைச் சொன்னேன். முழங்கையைச் சொன்னேன். கேப்ரியேல் வுல்ஃபும் அவரோடு இருந்தவர்களும் 1999இல் புதிதாக கோல்ஃப் படிப்பவர்களை வைத்து ஒரு சோதனை செய்தார்கள். கையின் அசைவைக் கவனி என்று சொல்லப்பட்டவர்களைவிட, கிளப்பின் வீச்சைக் கவனி என்று சொல்லப்பட்டவர்கள் நன்றாகப் படித்தார்கள். இதை நானே மற்ற பயிற்சியாளர்களிடம் சொல்லியிருக்கிறேன். அவசரம் வந்தபோது எனக்கே மறந்துபோனது. மார்ச் பிறந்தபோது பிள்ளை பந்துக்கு முன்னால் சிலை மாதிரி நின்றது. எதை முதலில் நினைப்பது என்று அதற்குத் தெரியவில்லை.

முகப் பவுடர்

ஒரு சனிக்கிழமை பிள்ளையின் பாட்டி வெற்றிலை போட்டுக்கொண்டு தளத்தின் ஓரத்தில் உட்கார்ந்திருந்தார். பாட்டியின் பையில் முகப் பவுடர் டப்பா இருந்தது. அதை வாங்கி டிரைவர் என்கிற, தூரமாக அடிக்கும் பெரிய கிளப்பின் முகத்தில் மெல்லிசாகத் தூவி, விரலால் பரத்திவிட்டேன். பந்து எங்கே படுகிறதோ அங்கே பவுடர் போய் வட்டமாகக் குறி தெரியும். இதை நான் முதல் நாளே செய்திருக்க வேண்டும்.

பத்துப் பந்து. ஒவ்வொரு பந்துக்கும் துடைத்து மறுபடி தூவினோம். எட்டுக் குறி கழுத்தை ஒட்டி, தண்டு தலையோடு சேருகிற குதிப் பக்கத்தில். அதற்கு எதிர்ப்பக்கம் முனை. நடு முகத்தில் ஒன்றுகூட இல்லை.

டிரைவர் மாதிரிப் பெரிய தலை உள்ள கிளப்பில் பந்து குதிப் பக்கம் பட்டால், அடி விழுந்த கணத்தில் தலை ஒரு பக்கம் சுழலும், பந்து எதிர்ப்பக்கம் சுழலும். ஒன்றோடு ஒன்று கோத்த இரண்டு பல்சக்கரம் எப்படித் திரும்புமோ அப்படி. வலது கைக்காரருக்குக் குதியில் பட்ட பந்து வலத்தே வளையும். கிரிப் சரியாக இருந்தாலும் வளையும். அப்படியென்றால் ஏழு வாரமாக நான் நோயை விட்டுவிட்டு அதன் பக்கத்து வீட்டுக்காரனுக்கு மருந்து கொடுத்துக்கொண்டிருந்தேன்.

சரி, ஏன் குதியில் படுகிறது? பந்துக்கு ரொம்பப் பக்கத்தில் நிற்கிறது பிள்ளை. ஏன் பக்கத்தில் நிற்கிறது?

"மக்களே, கொஞ்சம் பின்னால தள்ளி நில்லு."

"சாரே, அப்போ குறி தாண்டிப் போகுமே."

குனிந்து பார்த்தேன். ரப்பர் பாயில் வெள்ளைப் பெயிண்டில் இரண்டு பாதம். முந்தைய ஜூனில் பிள்ளை வந்த முதல் வாரம் நானே வரைந்தது. காலை எங்கே வைப்பது என்று தினமும் குழம்புகிறதே, ஒரு குறி போட்டுவிட்டால் லேசு என்று நினைத்தேன். அந்தப் பாதத்துக்கு வெளியே இப்போது பிள்ளையின் செருப்பு முன்னும் பின்னும் நீட்டிக்கொண்டிருந்தது. ஒன்பது மாதமாக அந்தக் குறிக்குள் காலை வைத்துத்தான் அடித்திருக்கிறது. குறி இல்லாத கவடியார் புல்லிலும் அதே தூரத்தில்தான் நிற்கும், ஏனென்றால் அதுதான் பழகிப்போனது.

வீட்டு நிலைக்கதவில் பாட்டி பென்சிலால் உயரம் குறித்து வைப்பார் என்று அப்பா சொன்னார். போய் அளந்தோம். ஜூனிலிருந்து ஜனவரிக்குள் 5 சென்டிமீட்டர் ஏறியிருந்தது. பெண் பிள்ளைகள் வேகமாக உயருவது ஏறக்குறைய 12 வயதில், பையன்களுக்கு 14ஐ ஒட்டி. உடம்பு எல்லாப் பக்கமும் ஒரே சீராக வளராது. கால், கை முதலில் நீளும், நடு உடம்பு பின்னால் வந்து சேரும். கை நீண்டுவிட்டது, பந்து அதே இடத்தில் இருக்கிறது, கால் அதே இடத்தில் இருக்கிறது. நீண்ட கை கிளப்பைப் பந்துக்கு வெளியே கொண்டுபோகும், பந்து குதியில்தான் படும். வேறு வழியே இல்லை.

கோல்ஃப் விதிப் புத்தகத்தில் ஒரு விஷயம் உண்டு. பந்தை எடுத்து வேறு இடத்தில் போட நேர்ந்தால், முன்பு கையை நீட்டித் தோள் உயரத்தில் இருந்து போட வேண்டும். 2019இல் அதை முட்டி உயரம் என்று மாற்றினார்கள். அவரவர் முட்டி. ஆறடி ஆளுக்கு ஆறடி ஆளின் முட்டி, பிள்ளைக்குப் பிள்ளையின் முட்டி. விதி எழுதியவர்களே உடம்பை அளவுகோலாக வைத்திருக்கிறார்கள், நான் பெயிண்டை வைத்தேன்.

அன்றைக்கே டர்பன்டைன் ஊற்றித் தேய்த்தேன். முழுக்கப் போகவில்லை, இன்றைக்கும் உற்றுப் பார்த்தால் நிழல் மாதிரித் தெரியும். கிரிப்பைப் பழைய நிலைக்குக் கொண்டுவந்தேன். நிற்பதற்கு ஒரே ஒரு வழிதான் சொன்னேன்: நிமிர்ந்து நில், இடுப்பில் இருந்து குனி, கை இரண்டையும் கிணற்றுக்குள் விட்ட வாளிக் கயிறு மாதிரித் தொங்கவிடு, தொங்குகிற இடத்தில் கிளப்பைப் பிடி, கிளப் தரையில் படுகிற இடத்துக்குப் போய் நில். இதில் நாளைக்கு உயரம் கூடினாலும் எதையும் மாற்ற வேண்டியதில்லை.

வெட்டின கிளப்பையும் மாற்றினோம். முழு செட் வாங்க வசதி இல்லை. விதிப்படி 14 கிளப் வரை வைத்துக்கொள்ளலாம், 14 கட்டாயம் என்று யாரும் சொல்லவில்லை. பிள்ளைகளுக்கென்று செய்த லேசான கிளப்பில் ஐந்து மட்டும் தேடிப் பிடித்தோம். இரண்டு வாரத்தில் பவுடர்க் குறி நடுவுக்கு வந்தது. வலத்தே வளைவது முழுக்க நிற்கவில்லை, ஆனால் மரச்சீனி விளைக்காரரின் சத்தம் நின்றது.

நோட்டுப் புத்தகம்

கதை இங்கே முடிந்திருந்தால் அப்பாவுக்குச் சந்தோஷம். டிரைவர் ஏறக்குறைய நேராகப் போகிறது, தூரமும் போகிறது. அந்த மாதக் கடைசியில் கவடியாருக்குப் போனோம். 9 குழியை முடிக்க 60 அடி; கோல்ஃபில் அடி குறைந்தால்தான் நல்ல ஆட்டம். அதற்கு முந்தைய தடவை, பந்து வளைந்துகொண்டிருந்தபோது, 61.

அப்பாவின் முகம் விழுந்துவிட்டது. எனக்கு ஒரு தடவை சுட்டது போதும் என்று, இந்த முறை எதையும் திருத்தவில்லை. ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கி, அடுத்த ஆட்டத்தில் ஒவ்வொரு அடியையும் எழுதினேன். டீயில் (ஒவ்வொரு குழிக்கும் முதல் அடி அடிக்கிற இடம்) இருந்து எத்தனை, நடுவில் எத்தனை, கிரீனுக்கு 30 கஜத்துக்குள் வந்த பிறகு எத்தனை, கிரீனில் உருட்டியது எத்தனை.

கிரீனில் மட்டும் 24. ஒன்பது குழிக்கு 24 பட். அதாவது பெரும்பாலான குழியில் மூன்று உருட்டல். 30 கஜத்துக்குள் இருந்து கிரீனில் ஏற்றுவதற்கு இன்னொரு 14. டிரைவரால் வீணான அடி என்று கண்டிப்பாகச் சொல்லக்கூடியது மூன்று. மூன்று அடிக்காகத்தான் நாங்கள் மூன்று மாதம் சண்டை போட்டிருக்கிறோம்.

அப்பாவுக்கு இதை ஏற்கச் செய்வது எளிதாக இல்லை. அவர் வேலை பார்த்த மைதானத்தில் பார்த்ததெல்லாம் டீயில் நின்று ஓங்கி அடிக்கிற பெரிய மனிதர்களை. எட்டு அடித் தூரத்தில் பிள்ளை பந்தைக் குழியில் போடத் தவறினால் உச்சுக் கொட்டுவார். அவரிடம் சொன்னேன்: "அண்ணாச்சி, அமெரிக்காவுல பி.ஜி.ஏ. டூர்ல சம்பாதிக்கிற ஆட்களே எட்டு அடியில ஏறக்குறைய பாதிதான் போடுகாங்க. பிள்ளை முதல் பட்டை விடுகதில்ல நஷ்டம். ரெண்டாவது பட்டுக்கு அஞ்சடி மிச்சம் வைக்குது பாருங்க, அதுதான் நஷ்டம்."

மொட்டைமாடியும் சிரட்டையும்

பந்தை உருட்டுகிற கிளப்புக்குப் பெயர் பட்டர். பட்டர் என்றால் எங்கள் பிள்ளைகள் முதல் நாள் ரொட்டிக்குத் தடவுவதா என்று கேட்கும். அந்த பட்டர் படிப்புக்கு விளையில் வசதி இல்லை, மண்ணில் பந்து உருளாது. பிள்ளையின் வீட்டு மொட்டைமாடிக்கு மாறினோம். மொட்டைமாடியில் ஒரு நன்மை உண்டு: மழைத்தண்ணீர் போகக் குழாய் வாயைப் பார்த்துத் தளத்தைச் சாய்த்துக் கட்டியிருப்பார்கள். கண்ணுக்குத் தெரியாத சரிவு, கிரீனில் உள்ளது மாதிரியே. ஒரு குவளைத் தண்ணீரை ஊற்றி, அது ஓடுகிற வழியைப் பிள்ளை பார்க்கும். பிறகு எந்தப் பக்கம் எவ்வளவு தள்ளி உருட்டுவது என்று தானே முடிவு செய்யும்.

குழிக்கு முதலில் சிரட்டையைக் கவிழ்த்து வைத்தோம், பந்து தொட்டால் கணக்கு. உண்மையான குழியின் குறுக்களவு 108 மில்லிமீட்டர், பெரிய தேங்காயின் சிரட்டை ஏறக்குறைய அந்த அளவு வரும். பிறகு 110 மி.மீ. பி.வி.சி. குழாயில் மெல்லிய வளையம் அறுத்து வைத்தேன். 110 என்பது வெளியளவு, உள்ளே 108க்குக் கொஞ்சம் குறைவாகத்தான் இருக்கும். அதில் ஒரு பக்கம் வெட்டிவிட்டால் பந்து நுழைய வாசல்.

சிமெண்ட் தளத்தில் பந்து பறக்கும். நம் பக்கத்துப் புல் கிரீனில் அப்படி ஓடாது. அதே வேகத்துக்குக் கை பழகிவிடக்கூடாது என்று, தளத்தின் மறுபாதியில் தென்னை நார்ப் பாய் விரித்தோம். சிமெண்டில் இரண்டு, பாயில் இரண்டு, மறுபடி சிமெண்ட். ஒரே இடத்தில் இருந்து ஐம்பது உருட்டுவது இல்லை. ஷே, மார்கன் என்ற இருவர் 1979இல் வெளியிட்ட ஆய்வில் கண்டது இது: ஒரே வேலையை அடுக்கடுக்காகச் செய்து பழகியவர்கள் பயிற்சியின்போது நன்றாகச் செய்தார்கள், மாற்றி மாற்றிப் பழகியவர்கள் அப்போது தடுமாறினார்கள். பிற்பாடு சோதித்தபோது மாற்றிப் பழகியவர்களுக்குத்தான் அதிகம் நினைவில் நின்றது. பெற்றோருக்கு இதை விளக்குவது கஷ்டம். மாடிக்கு வந்து பார்க்கிறவர்களுக்குப் பிள்ளை தடுமாறுவதுதான் தெரியும்.

சிப், அதாவது பக்கத்தில் இருந்து பந்தைக் கிரீனில் ஏற்றும் சின்ன அடி பழக, விளையில் அரிசிச் சாக்கை மூன்று தூரத்தில் விரித்தோம். குழியைப் பார்க்காதே, பந்து விழ வேண்டிய சாக்கைப் பார். ஒவ்வொரு பந்துக்கும் நான் வேறு சாக்கைச் சொல்வேன். பங்கர் என்கிற மணல் குழியில் அடித்துப் பழகச் சொத்தவிளைக் கடற்கரை. காய்ந்த மணலில் கிளப் முகத்தைத் திறந்து, பந்துக்கு நாலு விரல் பின்னால் மணலில் அடித்தால், மணல்தான் பந்தைத் தூக்கிக்கொண்டு வெளியே போடும். தண்ணீர் வற்றி இறுகிய ஈர மணலில் அதே வேலையைச் செய்தால் கிளப்பின் அடி வழுக்கிப் பந்தின் வயிற்றில் மோதும். இரண்டையும் பிள்ளை பத்து நிமிடத்தில் தானாகக் கண்டுபிடித்தது. வலை உலர்த்திக்கொண்டிருந்த ஒரு பெரியவர் கேட்டார்: "எட்டி, மண்ணை அடிச்சு என்னத்த பிடிக்கே?"

நடுவில் ஒரு நாள் பிள்ளை கீழ் முதுகில் வலி என்றது. பாட்டி தைலம் தேய்த்துவிட்டிருந்தார். வளரும் வயதில் முதுகை முறுக்கும் ஆட்டம் ஆடுகிறவர்களுக்கு முதுகெலும்பில் மெல்லிய கீறல் விழ வாய்ப்பு உண்டு, அதைத் தைலத்தால் மூடக்கூடாது. டாக்டரிடம் காட்டச் சொன்னேன். தசைவலிதான். ஆனாலும் மூன்று வாரம் முழு வீச்சை நிறுத்தினோம். ஸ்கோர் இறங்கியதற்கு அந்த மூன்று வாரமும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன். உருட்டுவதையும் சிப்பையும் தவிர வேறு வேலையே இல்லையே.

காற்று

ஜூனில் ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்று தொடங்கிவிட்டது. அது எங்களுக்கு இலவசமாகக் கிடைத்த வாத்தியார். முப்பந்தல் பக்கத்துக் காற்றாலைகள் காற்று வரும் திசையைப் பார்த்துத் தலையைத் திருப்பிக்கொள்ளும். பிள்ளை டீயில் பந்தை வைக்கும் முன் அதை ஒரு பார்வை பார்க்கும். எதிர்க்காற்றில் ஓங்கி அடித்தால் பந்துக்குப் பின்சுழற்சி கூடும், சுழற்சி கூடினால் பந்து மேலே ஏறும், ஏறிய பந்தைக் காற்று பிடித்து நிறுத்தி முன்னாலேயே போடும். அதனால் ஒரு நம்பர் குறைந்த, நீளம் கூடிய கிளப்பை எடு, கொஞ்சம் கீழே பிடி, முக்கால் வீச்சு. "பைய அடி மக்களே" என்பேன். பலத்தைக் குறைத்தால் தூரம் கூடும் என்பதை 12 வயதுப் பிள்ளை நம்பாது. காற்றுதான் நம்ப வைத்தது. அப்பா இன்னும் முழுசாக நம்பவில்லை.

பலன்

ஆகஸ்டில் கவடியாரில் 9 குழிக்கு 53. பட் 19. 30 கஜத்துக்குள் 11. டிரைவரின் கணக்கு பழையபடி மூன்று, அதில் ஒன்று வலத்தே வளைந்து மரத்துக்குப் பின்னால் போனது. அதைப் பற்றி யாரும் பேசவில்லை. அப்பா பஸ்ஸில் நோட்டை வாங்கி இரண்டு முறை கூட்டிப் பார்த்துவிட்டு, "கொள்ளாம்" என்றார்.

ஒரு பிள்ளையை வைத்து எல்லாப் பிள்ளைக்கும் பேச முடியாது என்பது எனக்குத் தெரியும். என்னிடம் உள்ள மற்ற ஐந்து பேரில் இரண்டு பையன்களுக்குக் குறை டிரைவரில்தான், உருட்டுவதில் இல்லை. அதையும் நோட்டுதான் சொன்னது. மூன்று மாதத்துக்கு ஒரு தடவை இப்போது எல்லாரையும் நிலைக்கதவில் நிறுத்தி அளக்கிறேன், பாட்டி செய்த மாதிரி.

போன மாதம் பிள்ளை விளைக்கு வந்ததும் வலைக்குப் போகாமல் நேராக என்னிடம் வந்தது. கையில் பவுடர் டப்பா. வீட்டிலேயே பத்துப் பந்து அடித்துப் பார்த்திருக்கிறது. "சாரே, குறி இப்ப முனைப் பக்கம் வருகு." பள்ளிக்கு வாங்கின புது ஷூ போட்டிருந்தது, அடி தடிமனானது. நான் ஷூவைப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே பிள்ளை தளத்தில் ஏறி, கையைத் தொங்கவிட்டு, அரை அடி முன்னால் நகர்ந்து நின்றது.